பக்கத்தில் நிற்பவனுக்காக

போர்க்கதைகளைப் பிள்ளைகளிடம் கொடுக்கலாமா என்று பேச்சு வரும்போதெல்லாம் நம் கண் துப்பாக்கியைத் தாண்டிப் போவதில்லை. கொஞ்சம் தாண்டிப் பார்க்க உதவும் சித்திரக்கதை ஒன்று உண்டு. 1968இல் பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ வார இதழில் தொடங்கி, சிவகாசியின் லயன்-முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழுக்கு வந்த ‘ப்ளூகோட் பட்டாளம்’தான் அது. களம் அமெரிக்க உள்நாட்டுப் போர். நாயகர்கள் வடபகுதிக் குதிரைப்படையின் சிப்பாய்கள் இருவர். சார்ஜெண்டுக்குப் பட்டாளமே உயிர். கார்ப்பரலோ எப்போது தப்பி ஓடலாம் என்று நேரம் பார்த்திருப்பவன். தாக்குதலுக்கு ஆணை பிறந்ததும் அவன் குதிரை குண்டடி பட்டதுபோலச் சாய்ந்துவிடும். அப்படிப் பழக்கி வைத்திருக்கிறான். ஓயாமல் சண்டையிடும் இந்த இருவரில் ஒருவன் சிக்கிக்கொண்டால், மீட்கப் போகிறவன் மற்றவன்தான். ஒருவனைப் படையில் நிறுத்திவைப்பது பக்கத்தில் நிற்பவன் மீதுள்ள பாசம் என்பதை எத்தனையோ வீர உரைகளைவிட இந்தக் கதை நன்றாகச் சொல்கிறது.

இது கதாசிரியரின் கற்பனை மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியச் சிப்பாய்கள் தோல்வி உறுதியான பிறகும் ஏன் கலையவில்லை என்று ஆராய்ந்த சமூகவியலாளர்கள் ஷில்ஸும் ஜேனோவிட்ஸும், 1948இல் இதே விடைக்குத்தான் வந்தார்கள்: தன் சிறு குழு சிதையாதவரை சிப்பாய் நின்றான். இதை மறுத்தவர் வரலாற்றாசிரியர் ஓமர் பார்ட்டோவ். கிழக்கு முனையில் அந்தக் குழுக்கள் வெகு விரைவில் அழிந்துபோயின. பிறகும் சிப்பாய்களைப் போரிட வைத்தவை நாஜிக் கொள்கையும் கொடிய தண்டனைகளும் என்றார். வலுவான மறுப்பு இது. தோழமையை மட்டும் புகழும் போர்க்கதை அநியாயப் போருக்கும் ஆள் சேர்த்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால் இந்தக் கதையின் கார்ப்பரல் நண்பனைக் கைவிடுவதும் இல்லை, போரை ஒப்புக்கொள்வதும் இல்லை. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரு பள்ளி மாணவனுக்கு இதைவிட எளிதாகக் கற்றுத்தர முடியுமா?

நம் புதுக்கோட்டை மாவட்டத்துக்கு வீரக்கதை புதிதல்ல. பொற்பனைக்கோட்டையில் கிடைத்த தமிழ்பிராமி எழுத்துள்ள நடுகல் ஆநிரைப் பூசலில் மாண்டவனின் நினைவாக எழுந்தது. நடுகல் மாண்டவனைப் போற்றும். உயிரோடு திரும்பியவனின் பயத்தையும் துக்கத்தையும் அது சொல்லாது. பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய வீடுகளுக்குத் தெரியவேண்டியது அந்தப் பயமும் துக்கமும்தான். அந்நியநாட்டுச் சிப்பாயின் கதை நமக்கெதற்கு என்பார்கள். நமக்கும் சிப்பாய்கள் உண்டு: 1758இல் தொடங்கிய மெட்ராஸ் ரெஜிமென்ட்டில் தென்மாநிலத்தார் பல மொழி பேசி ஒரே பாசறையில் வாழ்கிறார்கள். அவர்களையும் நம் ஓவியர்கள் இப்படி வரையட்டும். அதுவரை, இருப்பதைப் படிப்போம். அரிய முதற்பதிப்புகளுக்குப் பேர்போன ஞானாலயா நூலகம் இருக்கும் ஊர் புதுக்கோட்டை. இங்குள்ள அரசு நூலகமும் பள்ளி நூலகங்களும் சித்திரக்கதைக்கென ஒவ்வொன்றும் ஓர் அலமாரி ஒதுக்கவேண்டும். வழவழப்பான தாளில் வரும் இந்தப் புத்தகங்களைச் சொந்தக் காசில் வாங்க எல்லா வீட்டிலும் வசதி இருக்காது.