போகிற ஊரின் கணக்கு



வெளிநாட்டில் தொழில் தொடங்குவது பற்றி எழுதும்படி உங்களில் பலர் கேட்டு வருகிறீர்கள். முதல் எவ்வளவு வேண்டும், உரிமம் எங்கே சீக்கிரம் கிடைக்கும், வரி எப்படி என்று கேட்கிறீர்கள். அதையெல்லாம் ஒரு நல்ல கணக்காளர் என்னைவிடத் தெளிவாகச் சொல்வார். நான் இதை அடுக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியகுளத்திலிருந்து கும்பக்கரை வழியாகப் பெருமாள்மலைக்கு ஏறும் சாலையில் உள்ள மலைக்கிராமம் இது. இங்கிருந்து யோசிக்கும்போது எனக்கு வேறொரு கேள்விதான் முந்திக்கொண்டு வருகிறது: நம் தொழிலால் அந்த ஊருக்கு என்ன ஆகும்?

வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு தொழிலை இந்த மலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற ஊரில் இயங்கிய சீஸ்பரோ பாண்ட்ஸ் நிறுவனத்தின் தெர்மாமீட்டர் ஆலையை, 1983-84 வாக்கில் பெயர்த்தெடுத்துக் கொடைக்கானலில் கொண்டுவந்து வைத்தார்கள். பாதரசம் அமெரிக்காவிலிருந்து வந்தது. செய்த தெர்மாமீட்டர்கள் வெளிநாட்டுக்கே போயின. பின்னர் ஆலை இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. ஊருக்குக் கிடைத்தது வேலை. மலையில் மாதச் சம்பளம் வருகிற வேலை சாதாரணமா? ஆசையோடுதான் போய்ச் சேர்ந்தார்கள். கையில் உருண்டு விளையாடும் பாதரசம் ஆவியாகி மூச்சோடு உள்ளே போகும், சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுக்கும் என்று தங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்பது அவர்கள் பல ஆண்டுகள் சொல்லிவந்த குறை.

2001 மார்ச்சில், கொடைக்கானல் மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய இரும்புக் கடையில், ஆலையிலிருந்து வந்த பாதரசம் படிந்த உடைந்த கண்ணாடி 7 டன்னுக்கு மேல் கிடப்பது தெரிந்து ஊர் திரண்டது. ஆலை மூடப்பட்டது. 2003இல் சுமார் 290 டன் கழிவு, வந்த வழியே அமெரிக்காவுக்குக் கப்பலேறியது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் நிறுவனம் உடன்பாட்டுக்கு வர 2016 ஆகிவிட்டது. ஆலையை ஒட்டிய சரிவில் பாம்பார் சோலை இருக்கிறது. அந்தப் பாம்பாற்றுத் தண்ணீர்தான் கும்பக்கரையில் அருவியாக விழுகிறது. ஆலைக்கு இடம் பார்த்த அன்று, அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று யாராவது கேட்டிருக்க வேண்டாமா?

நாமும் இப்படி வெளியூர் போனவர்கள்தான். இந்த மலைத்தொடரின் வடக்கு அடிவாரத்தில் இருக்கிற பழனியாண்டவனைக் கூட அழைத்துக்கொண்டே செட்டிநாட்டு நகரத்தார் கடல் தாண்டினார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோட்டில் 1859இலேயே தண்டாயுதபாணிக்குக் கோயில் எழுப்பினார்கள். மூன்றாண்டுத் தவணைக்குப் போகும் ஏஜெண்டு, தொழில் பழகும் பெட்டியடிப் பையன், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் வாசம், கோயிலுக்கு மகமை என்று அவர்களுடைய ஒழுங்கைப் பார்த்தால் எனக்கு இன்றும் பிரமிப்புதான். பர்மாவில் விவசாயி காடு திருத்தி நெல் நட அவர்கள் வட்டிக்குக் கொடுத்த கடன் கைகொடுத்தது. 1930இல் நெல் விலை சரிந்தது. கடன் திரும்பவில்லை, அடமான நிலங்கள் வந்து சேர்ந்தன. கீழ்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் சுமார் 6 சதவீதமாக இருந்த அவர்களுடைய நிலம், 1938க்குள் ஏறத்தாழ 25 சதவீதமாகிவிட்டது. அவர்கள் விரும்பியது நிலமல்ல, பணம்தான். ஆனால் நிலத்தை இழந்தவனுக்கு அது எப்படித் தெரியும்? குடும்பம் செட்டிநாட்டில் இருந்தது, ஏஜெண்டும் தவணை முடிந்தால் ஊர் திரும்பிவிடுவார். விவசாயி அறிந்தது கடன் பத்திரத்தை மட்டுமே. 1942இல் ஜப்பான் படை வந்தபோது ஏராளமான இந்தியர்கள் நடந்தே ஊர் திரும்ப நேர்ந்தது. விடுதலைக்குப் பிறகு பர்மா அரசு நிலங்களை நாட்டுடைமையாக்கியது. நகரத்தாரைக் கொடியவர்களாகச் சித்திரிப்பதை நான் ஏற்கமாட்டேன். கணக்கில் அத்தனை சுத்தமானவர்களுக்கே இப்படி நேர்ந்ததே என்பதுதான் என் வருத்தம்.

அதனால், கிளம்பத் துடிக்கும் தம்பி தங்கைகளிடம் உரிமையோடு ஒன்று கேட்கிறேன். பணத்தைப் போடுவதற்கு முன், அந்த ஊரில் அதே தொழில் நடக்கிற கடையில் கொஞ்ச காலம் சம்பளத்துக்கு வேலை பாருங்கள். பெட்டியடிப் பையன் முறையை விடச் சிறந்த பள்ளிக்கூடம் எனக்குத் தெரியாது. அந்த ஊர் மொழியைப் பேசுங்கள். ஐக்கிய அரபு அமீரகம் 2021இல் பெரும்பாலான தொழில்களுக்கு உள்ளூர்ப் பங்குதாரர் கட்டாயத்தை நீக்கிவிட்டது. சட்டம் கேட்காவிட்டாலும் உள்ளூர்க்காரர் ஒருவரைப் பங்காளியாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். நாளை நீங்கள் தவறு செய்தால், அதை உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்ல அங்கே ஓர் ஆள் வேண்டும்.

துபாயிலோ டொரண்டோவிலோ கோலாலம்பூரிலோ ஏற்கெனவே தொழில் நடத்துகிறவர்கள் எனக்கு எழுதுங்கள். லாப நட்டத்தை விடுங்கள். உங்களிடம் வேலை பார்க்கும் அந்த ஊர்க்காரர்களைப் பற்றி, உங்கள் கடையின் அண்டை வீட்டுக்காரரைப் பற்றி, உங்களிடம் அவர்கள் சொன்ன குறைகளைப் பற்றி எழுதுங்கள். வரும் இதழ்களில் அவற்றுக்குத் தனியாக இடம் ஒதுக்குகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்