கோயில் நடனமும் பாலே மேடையும்

பாலே நடனம் ஐரோப்பியருக்கே உரியது. அதற்கும் தமிழருக்கும் தொடர்பே இல்லை என்று ரிங்லெட் தேயிலைத் தோட்டத்தில் வளரும் ஒரு மாணவர் எண்ணினால் அதில் வியப்பில்லை. ஆனால், புகழ்பெற்ற பாலே நாடகம் ஒன்றின் பின்னணியில் தமிழ்நாட்டுக் கோயில் நடனமும் உண்டு. அந்தப் பின்னணியை அறிந்து நாடகத்தைப் பார்ப்பதே முறையாகும்.

'லா பயடேர்' எனும் அந்நாடகம் 1877ஆம் ஆண்டு ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. மரியஸ் பெட்டிப்பா நடனம் அமைத்தார். லுட்விக் மின்கஸ் இசையமைத்தார். இந்தியக் கோயிலில் ஆடும் நிக்கியா என்ற பெண்ணும் சோலோர் என்ற வீரனும் கொண்ட காதலே கதை. 'பயடேர்' என்பது இந்திய நடன மகளிருக்குப் பிரெஞ்சுக்காரர்கள் வழங்கிய பெயர். அது போர்த்துக்கீசியச் சொல் ஒன்றிலிருந்து பிறந்தது.

இந்நாடகம் அரங்கேறுவதற்கு ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்கு முன்பே, 1838இல், உண்மையான கோயில் நடன மகளிரைப் பாரிஸ் நகரம் கண்டது. கடலூருக்கு அருகிலுள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த குழுவினர் அங்கு ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரின் ஆட்டத்தைக் கவிஞர் தியோஃபில் கோத்தியே வியந்து எழுதினார். பின்னர் அவரே 1858இல் 'சகுந்தலா' எனும் பாலேவுக்குக் கதை எழுதினார். அதற்கு நடனம் அமைத்தவர் மரியஸின் அண்ணன் லூசியன் பெட்டிப்பா.

எனினும், 'லா பயடேர்' மேடையில் அரைமண்டியும் இல்லை, அடவும் இல்லை. நிக்கியா கால்விரல் நுனியில் நின்று, ஐரோப்பிய இசைக்கே ஆடுகிறாள். ஆகவே, இந்நாடகம் இந்தியாவைத் தவறாகக் காட்டுகிறது என்று சிலர் குறைகூறுவர். அக்குறையில் உண்மை உண்டு. ஆயினும், அதற்காக நாடகத்தையே ஒதுக்கிவிட வேண்டியதில்லை. அது காட்டுவது ஐரோப்பியரின் கற்பனை இந்தியா என்பதைப் பார்வையாளருக்கு எடுத்துரைத்தால் போதும்.

அந்தக் கற்பனைப் பாத்திரத்தால் நன்மையும் விளையாமல் இல்லை. நிக்கியாவாக ஆடிப் புகழ்பெற்றவர்களுள் ஒருவர் அன்னா பாவ்லோவா. 1920களின் இறுதியில் அவரைச் சந்தித்த ருக்மிணி தேவி, பாலே கற்க விரும்பினார். பாவ்லோவாவோ, சொந்த நாட்டின் கலையைத் தேடுமாறு அவரை ஊக்குவித்தார். பிறகு, மயிலாப்பூர் கௌரி அம்மாள், பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை ஆகியோரிடம் ருக்மிணி தேவி நடனம் பயின்றார். 1936இல் சென்னையில் கலாக்ஷேத்திராவை நிறுவினார். கௌரி அம்மாள் கோயில் நடன மரபில் வந்தவர் என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

மலேசியாவிலும் பாலே, பரதநாட்டியம், ஒடிசி ஆகிய மூன்றையும் பயின்ற ரம்லி இப்ராஹிம், 1983இல் சூத்ரா நடனக் குழுவைத் தொடங்கினார். ஒரு கலையைக் கற்க இனமோ மொழியோ தடையில்லை என்பதற்கு இவர் சான்றாவார்.

கலைகள் ஒன்றிடமிருந்து மற்றொன்று கொள்வது இயல்பு. கொண்டது யாரிடமிருந்து என்பதை மறப்பதே தவறு. நிக்கியாவின் பெயரை உலகம் அறியும். அம்மணியின் பெயரை அறிந்தவர் சிலரே. தோட்டக் கோயில் திருவிழாவில் சலங்கை கட்டி ஆடும் மாணவர்களாவது அப்பெயரை அறிந்திருக்க வேண்டும்.