டவரை விக்கணுமா, வாடகைக்கு விடணுமா?

பிஎஸ்என்எல் டவர்களை என்ன செய்யலாம்ங்கிற பேச்சு பல வருசமா ஓடுது. டவர்களுக்குன்னு தனிக் கம்பெனி அமைக்க 2017-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. ஊழியர்கள் ஸ்ட்ரைக் பண்ணினாங்க. 2021-ல் வந்த சொத்துப் பணமாக்கல் பட்டியலில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் டவர்கள் 14,917 இருந்தன. என்னைக் கேட்டா, கூட்டுச் சேரட்டும், வாடகைக்கு விடட்டும். விக்கக் கூடாது.

டவர்னா இரும்புக் கம்பம் மட்டுமில்ல. இடத்து வாடகை, பேட்டரி, கரண்ட், அது போனா டீசல் ஜெனரேட்டர். ஒரே கம்பெனி இருந்தா மொத்தச் செலவும் அதன் தலையில். ரெண்டாவது கம்பெனி ஏறினா செலவு பெருசா கூடாது, வாடகை வரும். கூட்டுக் கிணறு வச்சிருக்கிறவங்களுக்கு இது சொல்லாமலே புரியும். 2007-ல் ஏர்டெல், வோடபோன், ஐடியா மூணும் சேர்ந்து இண்டஸ் டவர்ஸ் ஆரம்பிச்சது இந்தக் கணக்குலதான். சந்தையில அடிச்சுக்கிட்டாங்க, டவர்ல ஒண்ணா இருந்தாங்க.

விக்கிறது வேற. நம்ம தமிழ்நாட்டுல வளர்ந்த ஏர்செல் 2010-ல் 17,500 டவரை ஜிடிஎல் கம்பெனிக்கு சுமார் 8,400 கோடிக்குக் குடுத்துச்சு. அதுக்கப்புறம் தன் பழைய டவருக்கே மாசாமாசம் வாடகை. 2016-ல் ஜியோ வந்து ரேட்டை உடைச்சதும் வருமானம் சரிஞ்சது, வாடகை சரியுமா? 2018 பிப்ரவரியில் டவர்காரங்களோட பணத்தகராறு, தமிழ்நாடு பூரா சிக்னல் போச்சு. அந்த மாசக் கடைசியில் திவால் மனு. டவரை வித்ததாலதான் மூழ்குச்சுன்னு சொல்ல மாட்டேன், கடனே மலையா இருந்தது. ஆனா சொந்த டவரை வெளியாள் அணைச்சிருக்க முடியாது.

என் கவலை இன்னொண்ணு. சென்னையில ஒரே டவர்ல மூணு கம்பெனி ஏறும். எங்க மாதிரி ஊர்ல ஒண்ணு ஏறினாலே பெருசு. வாங்கினவர் லாபம்தான் பார்ப்பார், அதுல தப்பில்ல. டீசலை முதல்ல எங்க குறைப்பார்? மோட்டாரையே போன்லதான் போடுறோம். ராத்திரி தண்ணி கட்டப் போறவனைப் பாம்பு கடிச்சா 108-க்குக் கூப்பிட சிக்னல் வேணும்.

அதனால டவர் பிஎஸ்என்எல் பேர்லயே இருக்கட்டும். கூட்டு சேர வர்றவர் வருமானமுள்ள டவரை மட்டும் பொறுக்கிக்கிட்டுப் போக விடக்கூடாது; பத்து டவுன் டவர் எடுத்தா, கூட கிராமத்து டவரும் எடுக்கணும். கரண்ட் போனா எத்தனை மணி நேரம் டவர் ஓடணும்னு ஒப்பந்தத்துல எழுதி, அதை ஊராட்சி ஆபீஸ் சுவத்துல ஒட்டட்டும்.