வழியில் ஒரு குரல்

சாப்பாட்டு அண்டா ஒரு வேனில். தட்டுகளும் தண்ணீர்க் குடமும் மற்றொரு வேனில். இப்படித்தான் சென்ற விடுமுறையில் ஊரப்பாக்கத்திலிருந்து வேளாங்கண்ணிக்குப் புறப்பட்டோம். திண்டிவனத்தில் முன்வண்டி புதுச்சேரிச் சாலையில் திரும்பிவிட, பின்வண்டி நேரே விழுப்புரம் போய்விட்டது. கைப்பேசி இல்லையா என்பீர்கள். இருந்தது. ஓட்டுநர் வண்டி ஓட்டும்போது எடுக்கமாட்டார், அது சரியே. சித்தியின் கைப்பேசியோ படம் பார்த்தே அணைந்து கிடந்தது. வேறொருவர் எண்ணும் எங்களிடம் இல்லை. கடைசியில் கடலூரில் சந்தித்தபோது புளிச்சோறு ஆறியிருந்தது. பெரியவர்களின் கோபம்தான் ஆறவில்லை.

அமெரிக்காவில் வீட்டையே வண்டியாக்கிக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். நம் ஊரில் கேரவன் என்றால் சினிமாக்காரர்களுக்குத்தான். நமக்கு, இருக்கைக்கடியில் ஸ்டவ்வும் பாத்திரமும் ஏற்றிய சுற்றுலா வேனே கேரவன்! அங்கே அத்தகைய வண்டிகளிலும் லாரிகளிலும் ‘சிட்டிசன்ஸ் பேண்ட்’ என்னும் சிறு வானொலிக் கருவி வைத்துக்கொள்வதுண்டு. பொத்தானை அமுக்கினால் பேசலாம்; விட்டால் கேட்கலாம். எண்ணும் வேண்டாம், கோபுரமும் வேண்டாம். சில மைல் தூரத்துக்குள் அதே சானலைத் திறந்து வைத்திருப்போர் அனைவருக்கும் கேட்கும். 1973ஆம் ஆண்டு எண்ணெய்த் தட்டுப்பாட்டின்போது எந்தப் பங்கில் எரிபொருள் கிடைக்கும் என்று லாரி ஓட்டுநர்கள் இதில்தான் சொல்லிக்கொண்டார்கள். அங்குள்ள 40 சானல்களில் 9ஆவது, ஆபத்துக்கும் வழிப்போக்கர் உதவிக்குமே உரியது. இந்தியாவிலும் 2005 முதல், 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய இவ்வலைவரிசையில் 5 வாட்டுக்கு மேற்படாத கருவிகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆயினும் ஜி.எஸ்.டி. சாலையில் நாங்கள் ஒன்றுகூடக் கண்டதில்லை. திண்டிவனம் திருப்பத்தில், ஓட்டுநருக்குப் பக்கத்தில் இருப்பவர் ‘இடப்பக்கம்’ என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதுமே!

“முன்பின் தெரியாதவர்கள் கேட்டுக்கொண்டிருக்க, பெண்பிள்ளைகள் பேசுவதா?” என்று வீட்டில் கேட்டார்கள். அஞ்சுவதில் நியாயம் உண்டு. பெயரும் வீட்டு முகவரியும் அதில் சொல்லவே கூடாது. வண்டி, சாலை, தேவை, இவ்வளவுதான் பேச்சு. ஊரே கேட்கும் இடத்தில் வம்பளக்கவும் முடியாதன்றோ!

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியபோது பாரதி பிரசாத் என்னும் பெண்மணி அந்தமானில், போர்ட் பிளேரில் இருந்தார். அவர் தேர்வெழுதி உரிமம் பெற்ற ‘ஹாம்’ வானொலியாளர். அவருடைய கருவி சிட்டிசன்ஸ் பேண்டைவிட நெடுந்தூரம் எட்டுவது. தொலைபேசிகள் ஓய்ந்த அத்தீவுகளிலிருந்து, உறவினர் உயிரோடிருக்கும் செய்தி அவர் குரல் வழியே வெளியூர்களுக்குப் போய்ச் சேர்ந்தது. முன்பின் தெரியாதவர்கள் கேட்டதால்தான் சேர்ந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் முடிச்சூர்ப் பக்கம் கைப்பேசிகள் ஓய்ந்ததை இங்குள்ள பெற்றோர் பலர் மறந்திருக்கமாட்டார்கள்.

ஹாம் தேர்வை 12 வயது நிரம்பியவர்கள் எழுதலாம். நம் பள்ளியில் அதற்கொரு மன்றம் தொடங்க சிஸ்டர்கள் மனம் வைக்க வேண்டும். அடுத்த வேளாங்கண்ணிப் பயணத்துக்கு வேனுக்கொரு சிறு கருவி வைக்கப் பெற்றோரும் இசைய வேண்டும். தட்டுகளை அண்டாவோடு ஒரே வண்டியில் ஏற்றுவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.