காலையில் திறக்கத் தயங்கும் கணக்கேடு



கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் பிரிக்பீல்ட்சிலும் கடை நடத்தும் பெற்றோர் சிலர், பிள்ளையின் படிப்பைப் பற்றி விசாரித்து முடித்ததும் கேட்கும் அடுத்த கேள்வி ஒன்று உண்டு. "சார், காலையிலே கணக்கு மென்பொருள் திறக்க அஞ்சு நிமிஷம் ஆகுது. ஒரு தடவை திறந்துட்டா அப்புறம் நல்லாத்தான் ஓடுது. கம்ப்யூட்டர் பழசாயிடுச்சா, புதுசு வாங்கிடலாமா?" 2024 ஆகஸ்டு 1 முதல் இ-இன்வாய்ஸ் முறை படிப்படியாக நடைமுறைக்கு வரத் தொடங்கிய பின், சிட்டையும் பேனாவுமாக இருந்த கடைகளும் மென்பொருளுக்கு மாறி வருகின்றன. ஆகவே இக்கேள்வியும் பெருகியிருக்கிறது.

என் கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். முதல்முறை மட்டும் தாமதம், அதன்பின் வேகம் என்றால், புதிய கணினி வாங்க அது போதிய காரணம் அன்று. பிள்ளையின் பிரத்தியேக வகுப்புக்கு ஒதுக்கிய பணத்தை எடுத்துக் கணினிக் கடையில் கொடுப்பதற்கு முன், தாமதத்தின் காரணத்தைக் கண்டறிய வேண்டும். அதற்குப் பொறியியல் பட்டம் தேவையில்லை.

கணக்கு மென்பொருள் என்று நாம் பார்ப்பது முகப்பு மட்டுமே. அதன் பின்னே தரவுத்தளம் என்னும் வேறொரு மென்பொருள் உழைக்கிறது. நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் ஆட்டோகவுண்ட், மைக்ரோசாப்டின் எஸ்.கியூ.எல். சர்வரின் மேல் இயங்குகிறது. எஸ்.கியூ.எல். அக்கவுண்ட் என்பதோ, பெயர் அப்படியிருந்தும், பயர்பேர்டு என்னும் தரவுத்தளத்தின் மேல் இயங்குகிறது. காலையில் இத்தரவுத்தளம் விழித்தெழ வேண்டும்; வன்தட்டில் கிடக்கும் தகவலை நினைவகத்துக்குக் கொண்டுவர வேண்டும். சுழலும் பழைய வன்தட்டு, சிதறிக் கிடக்கும் தகவலை நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைதான் தேடி எடுக்கும். எஸ்.எஸ்.டி. என்னும் சுழலாத தட்டு பல்லாயிரம் முறை எடுக்கும். ஒருமுறை நினைவகத்துக்கு வந்துவிட்ட தகவலை மீண்டும் தேடவேண்டியதில்லை. இரண்டாம் முறை வேகமாகத் திறப்பதன் இரகசியம் இதுதான். தட்டை மட்டும் மாற்றினாலே பல கடைகளின் தொல்லை தீர்ந்துவிடும்.

வேறு காரணங்களும் உள்ளன. விண்டோசில் சில சேவைகள் வேண்டுமென்றே தாமதித்துத் தொடங்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். கணினி எழுந்து ஏறக்குறைய 2 நிமிடங்கள் கழித்தே அவை இயங்கத் தொடங்கும். தரவுத்தளம் அவற்றுள் ஒன்றாக இருந்தால், முகப்பு மென்பொருள் இன்னும் விழிக்காத ஒருவரின் கதவைத் தட்டிக்கொண்டு நிற்கும். எஸ்.கியூ.எல். சர்வரின் இலவசமான எக்ஸ்பிரஸ் பதிப்பில் 'ஆட்டோ குளோஸ்' என்றோர் அமைப்பு உண்டு. கடைசிப் பயனர் வெளியேறியதும் தரவுத்தளத்தையே மூடிவிடும் அது, அப்பதிப்பில் உருவாக்கப்படும் தரவுத்தளங்களில் இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். மதிய உணவுக்குப் பிறகும் தாமதம் ஏற்படுகிறதென்றால் இதன்மேல் ஐயம் கொள்ளலாம். நச்சுநிரல் தடுப்பான், இப்போது இல்லாத அச்சுப்பொறியைத் தேடும் கணினி ஆகியவற்றையும் பார்க்க வேண்டும்.

காரணம் எங்கெல்லாம் ஒளிந்திருக்கும் என்பதற்குப் பழைய சான்று ஒன்றைக் கூறுகிறேன். பயர்பேர்டின் தொடக்க நாள்களில் அதன் கோப்புகளுக்கு '.ஜி.டி.பி.' என்னும் பின்னொட்டு இருந்தது. 2000, 2001ஆம் ஆண்டுகளில் வந்த விண்டோஸ் எம்.இ., எக்ஸ்.பி. ஆகியவற்றின் மீட்பு வசதி, அப்பின்னொட்டுடைய கோப்புகளைப் பாதுகாக்க வேண்டியவை எனக் கருதி, முதல்முறை திறக்கும்போது முழுக் கோப்பையும் படியெடுக்கத் தொடங்கிவிடும். கோப்பு பெரிதாகப் பெரிதாகத் தாமதமும் வளரும். தீர்வு என்ன தெரியுமா? பின்னொட்டை '.எப்.டி.பி.' என மாற்றியதுதான். ஒரு சென் செலவில்லை.

ஆயினும் நான் மிகவும் அஞ்சும் காரணம் வேறு. காலைத் தாமதத்தின் வேர் சில வேளைகளில் முந்தைய இரவில் இருக்கிறது. கடையை அடைக்கும் அவசரத்தில் மென்பொருளை மூடாமலே மெயின் சுவிட்சை அணைத்துவிடுகிறோம். அல்லது ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் மாதங்களின் மாலை இடிமழையில் மின்சாரம் துண்டிக்கப்படுகிறது. அப்போது பாதியில் நின்ற பதிவுகள் என்னவாகும்?

நம் பாட்டன்மார் கடைகளில் முதலில் சிட்டையில் எழுதிவிட்டுப் பிறகுதான் பேரேட்டில் ஏற்றுவார்கள். எஸ்.கியூ.எல். சர்வரும் அவ்வாறே செய்கிறது. மின்சாரம் போய்த் திரும்பியதும் தன் சிட்டையைப் படித்து, முடிந்த பற்றுவரவைப் பேரேட்டில் ஏற்றி, முடியாததை நீக்குகிறது. இம்மீட்பு முறையைச் செம்மையாக வகுத்த 'ஏரீஸ்' ஆய்வுக்கட்டுரை 1992இல் வெளிவந்தது. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன் தமிழ்நாட்டில் பிறந்தவர், சென்னை ஐ.ஐ.டி.யில் பயின்று, கலிபோர்னியாவில் ஐ.பி.எம். ஆய்வகத்தில் பணியாற்றியவர். நம் மாணவர்களுக்கு இப்பெயரை எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்?

எனவே காலையில் கணினி சுற்றிக்கொண்டிருப்பது, நேற்றைய கணக்கை அது சரிசெய்யும் நேரமாகவும் இருக்கலாம். பள்ளி முடிந்து கல்லாவில் அமரும் பிள்ளையிடம் "அணைச்சுட்டுத் திரும்பப் போடு" என்று சொல்லும் பெற்றோர், அந்த மீட்பை முதலிலிருந்து தொடங்க வைக்கிறார்கள். பொறுத்திருங்கள். இரவில் முறைப்படி மூடுங்கள். யு.பி.எஸ். என்னும் மின்கலப் பெட்டி ஒன்றை வாங்கி வையுங்கள். (பல கடைகள் கணக்கெழுதிய யு.பி.எஸ். மென்பொருளை நான் சொல்லவில்லை. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன!)

காரணத்தைக் கண்டறிவது எப்படி? ஆசிரியர்களே, அறிவியல் பாடத்தில் தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று நாம் நடத்துவது இதற்குத்தானே? ஒரு கடிகாரமும் குறிப்பேடும் போதும். ஒரு நாள் கணினி எழுந்தவுடனே மென்பொருளைத் திறந்து நேரத்தைக் குறிக்கலாம். மூடிவிட்டு உடனே மறுபடி திறந்து குறிக்கலாம். மறுநாள் கணினியைப் போட்டுவிட்டு, சாமி படத்துக்குச் சாம்பிராணி காட்டி முடித்த பிறகு திறக்கலாம். அப்போது தாமதம் மறைந்தால், தாமதித்துத் தொடங்கும் சேவையே காரணமாக இருக்கக்கூடும். இன்னொரு நாள், நண்பகலில் ஒரு மணி நேரம் மூடி வைத்துவிட்டுத் திறக்கலாம். ஒவ்வொரு முறையும் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். ஆறாம் ஆண்டு மாணவர் ஒருவரால் ஒரு வாரத்தில் செய்யக்கூடிய ஆய்வு இது. அக்குறிப்பேட்டுடன் மென்பொருள் விற்பனையாளரிடம் செல்லும் பெற்றோரை யாரும் எளிதில் ஏமாற்ற இயலாது. அமைப்புகளை மாற்றும் வேலையை, காப்புப் படி எடுத்த பின், அவ்விற்பனையாளரே செய்யட்டும்.

புதிய கணினியே வேண்டாம் என்பது என் வாதமன்று. விண்டோஸ் 10க்கான மைக்ரோசாப்டின் பொது ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் நாளுடன் முடிந்தது. விண்டோஸ் 11ஐ ஏற்காத பழைய கணினியில் வணிகக் கணக்கு வைத்திருப்போர் அதன்பொருட்டு மாற்றிக்கொள்வது முறையே. ஆனால் 'ஆட்டோ குளோஸ்' போன்ற அமைப்பு தரவுத்தளத்துக்குள்ளேயே பதிந்திருப்பது. பழைய கணினியிலிருந்து தரவுத்தளத்தை எடுத்துப் புதியதில் வைத்தால், அதுவும் கூடவே குடிவந்துவிடும்.