தப்புக்கு அடிக்குறிப்பு எதற்கு?

சப்ரகமுவ ரப்பர் தோட்டங்களைக் களமாகக் கொண்ட சிறுகதைகளில் வரும் 'பெரட்டு', 'லயம்', 'ஒட்டுப்பால்', 'காமன் கூத்து' முதலியன வெளியூர் வாசகனுக்கு விளங்கா. ஆகையால் அவற்றை நீக்குக, அன்றேல் அடிக்குறிப்பு இடுக என்று உபதேசிக்கும் விமர்சக நண்பர், அதே மூச்சில் ஜேம்ஸ் பால்ட்வின் 1957இல் வெளியிட்ட 'சானியின் ப்ளூஸ்' என்னும் கதையை உத்தமமான சிருஷ்டி என்று போற்றுவது விநோதமாக இருக்கிறது.

அக்கதையில் ஜாஸ் வித்வான் சார்லி பார்க்கரின் பெயர் வருகிறது. கதை சொல்லும் அண்ணனுக்கே அவர் யாரென்று தெரியாது. பால்ட்வின் அடிக்குறிப்பு எழுதவில்லை; அந்த அறியாமையையே சகோதரர் இருவருக்கும் இடையிலுள்ள தூரத்தின் அளவுகோலாக்கிவிட்டார். ஹார்லெம் வீதியின் பாஷையைப் பொறுமையோடு பயின்ற நண்பருக்குக் கேகாலைத் தோட்டத்து லயத்தின் பாஷை மட்டும் கசப்பானேன்?

விடியற்காலையில் பெரட்டுக்கு அழைத்ததும், காமன் கூத்தில் ஆடவைத்ததும், சாவு வீட்டில் அழவைத்ததும் ஒரே தப்புத்தான். துரையின் கட்டளையையும் தொழிலாளியின் துக்கத்தையும் ஒருங்கே சுமந்த அந்த வாத்தியத்தைத் 'தோற்கருவி வகை' என்று பக்கத்தின் அடியில் விளக்கினால், மிஞ்சுவது தோலும் சட்டமுமே. (வட்டாரச் சொற்களை வெறும் அலங்காரமாகத் தூவும் கதைகளும் உண்டு, அவை குறிப்பு இட்டாலும் தேறா.)

வெளியூர் வாசகனைப் பற்றிய கவலையும் வீண். மலையகத்தின் பாஷையிலேயே எழுதிய தெளிவத்தை ஜோசப்புக்கு 2013இல் விஷ்ணுபுரம் விருது அளித்தவர்கள் தமிழ்நாட்டு வாசகர்களே.