டிராகன் இருக்கிறது, குரல் எங்கே?

நகைச்சுவை மிகுபுனைவு நாவல் ஒன்று திரைக்கு வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் கிளம்பிவிடுகின்றன. கதையை மாற்றிவிட்டார்கள் என்று ஒரு கட்சி. திரைக்கு வேறு இலக்கணம் என்று மறுகட்சி. கதை என்பது நிகழ்ச்சிகளின் வரிசை என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. டெர்ரி ப்ராட்செட்டின் வாசகர்களும் இச்சண்டையில் சேர்ந்துகொள்வதுதான் வியப்பு.

1983 முதல் 2015 வரை வெளிவந்த 41 டிஸ்க்வேர்ல்ட் நாவல்களில் சிரிப்பு பெரும்பாலும் நிகழ்ச்சியில் இல்லை. அதைச் சொல்லும் குரலில், அதன் விலகல்களில், அடிக்குறிப்புகளில் இருக்கிறது. அங்கே மரணம் ஒரு பாத்திரம். அவன் பேச்சு மேற்கோள்குறியின்றிச் சிறிய அளவுப் பெரிய எழுத்துகளில் அச்சாகிறது. காதில் விழுமுன் கண்ணில் படும் குரல் அது. (பெரிய எழுத்தே இல்லாத தமிழில் மொழிபெயர்ப்பவர் என்ன செய்வாரோ!)

1993இல் வந்த ‘மென் அட் ஆர்ம்ஸ்’ நாவலில் காவல் தலைவன் வைம்ஸ் காலணிகளைப் பற்றி யோசிக்கிறான். பணக்காரன் 50 டாலருக்கு வாங்கும் காலணி பத்தாண்டு உழைக்கும். ஏழையின் 10 டாலர் காலணி ஓரிரு பருவங்களில் ஓட்டையாகும். பத்தாண்டில் ஏழையே அதிகம் செலவழித்திருப்பான், கால் மட்டும் ஈரமாகவே இருக்கும். கதையோட்டத்திற்கு இது தேவையில்லை. திரைக்கதை எழுதுபவர் முதலில் வெட்டுவது இதைத்தான். ஆனால் 2022இல் பிரிட்டனில் ஏழைகள் வாங்கும் மளிகையின் விலையேற்றத்தைக் கணக்கிட முனைந்த ஒரு குறியீட்டிற்கு வைம்ஸின் காலணிப் பெயரையே சூட்டினார்கள்!

2006இல் வந்த ‘ஹாக்ஃபாதர்’ தொலைக்காட்சிப் படம் நாவலைப் பக்திசிரத்தையுடன் பின்தொடர்ந்தது. நிகழ்ச்சிகள் எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்தன. மரணத்திற்குக் குரல் கொடுத்த இயன் ரிச்சர்ட்சன் பேசும்போது மட்டுமே ப்ராட்செட் அருகில் நிற்பதாக எனக்குத் தோன்றியது.

2021இல் வந்த ‘தி வாட்ச்’ எதிர்த்திசையில் ஓடியது. நாவல்களில் சிபில் சீமாட்டி நடுவயதைத் தொட்ட, பருத்த உருவமுள்ள பெண்மணி. செரிமானக் கோளாறால் வெடித்துவிடக்கூடிய குட்டி டிராகன்களை வளர்ப்பவர். வீரகாவிய டிராகன் மீதான முழுப் பகடியும் அவருடைய கொட்டகையில் இருக்கிறது. தொடர் அவரைத் தனியாளாக நீதி வழங்கக் கிளம்பிய சண்டைக்காரியாக்கியது. மீறல் என்பதற்காக நான் குறை சொல்லவில்லை. ப்ராட்செட் கேலி செய்த சரக்கையே கேலியின்றித் திருப்பி விற்றார்கள் என்பதே என் புகார்.

பின்னணியில் ஒரு கதைசொல்லியை ஒட்டவைத்தால் போதாதா எனலாம். போதாது. படம் காட்டுவதையே அக்குரலும் சொன்னால் இரண்டும் சாகும். கதையை இடைமறிக்கும் உரிமை அதற்கு வேண்டும்.

வில்லியம் கோல்ட்மன் தம் ‘தி பிரின்சஸ் பிரைட்’ நாவலை (1973) வேறொருவரின் பழைய நூலைச் சுருக்குவதாகப் பாவனை செய்து, நடுநடுவே குறுக்கிட்டு எழுதினார். 1987இல் அது படமானபோது திரைக்கதை எழுதியவரும் அவரே. சுருக்குபவரைத் தூக்கிவிட்டு, காய்ச்சல்காரப் பேரனுக்குக் கதை படிக்கும் தாத்தாவை வைத்தார். நாவலில் நாயகியைச் சூழ்வன சுறாக்கள். படத்திலோ அலறும் விலாங்குகள். அவை நெருங்கும் கணத்தில் தாத்தா படிப்பதை நிறுத்தி, இப்போது அவளை அவை தின்னப்போவதில்லை என்று பேரனுக்குச் சொல்லிவிடுகிறார். நாவலிலும் அந்த இடத்தில் கதை இப்படித்தான் நிற்கிறது.